வெள்ளிக்கிழமை மாலைகள்

அன்புள்ள ஐயா,

கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்காக எட்டு வாரங்கள் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்கு வந்திருக்கிறேன். விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஆய்வகத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில் இருக்கிறது. மாலையில் அங்கே சென்றால் ஆய்வகத்தில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் நண்பர்களை நினைத்துக் குற்ற உணர்வு வருகிறது; செல்லாவிட்டால் இந்த வாய்ப்பு இனி அமையுமா என்று ஏக்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தினமும் மாலையில் செல்ல வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். லண்டனின் பெரிய அருங்காட்சியகங்கள் மற்ற நாட்களில் பெரும்பாலும் ஆறு மணிக்குள் மூடப்பட்டுவிடுவதால், சோதனையைப் பாதியில் விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கும். அந்தப் பதற்றத்தில் ஆய்வும் கெடும், படத்திலும் மனம் நிற்காது. வெள்ளிக்கிழமையில் நிலைமை வேறு. அன்று விக்டோரியா ஆல்பர்ட் இரவு 10 மணி வரையிலும், டிரஃபால்கர் சதுக்கத்திலுள்ள தேசிய ஓவியக்கூடம் 9 மணி வரையிலும், பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 8.30 வரையிலும் திறந்திருக்கின்றன. அந்த ஒரு மாலையை உங்கள் வழிகாட்டியிடம் முன்பே சொல்லி வாங்கிக்கொண்டு, நீண்ட அளவீடுகள் வியாழக்கிழமைக்குள் முடியும்படி வாரத்தைத் திட்டமிடுங்கள். தவிர்க்க முடியாத சோதனை வெள்ளியன்று வந்துவிட்டால் ஆய்வகத்திலேயே இருங்கள். உங்களை அழைத்திருப்பது அந்த வேலைக்காகத்தான்.

மூன்று இடங்களிலும் நிரந்தரத் தொகுப்புக்குக் கட்டணம் இல்லை. இதை நான் பெரிய கொடையாக நினைக்கிறேன். நுழைவுச் சீட்டுக்குப் பணம் கொடுத்தவர் எல்லாவற்றையும் பார்த்துவிடத் துடிப்பார். நீங்களோ ஒரே படத்தின் முன் அரை மணி நேரம் நின்றுவிட்டு நிறைவோடு வெளியேறலாம்.

அப்படி நிற்கத் தகுந்த படம் ஒன்று தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. டெர்பி நகரத்து ஜோசப் ரைட் 1768-இல் வரைந்த அந்த ஓவியத்தில், பம்பினால் காற்று உறிஞ்சப்பட்ட கண்ணாடிக் கலத்துக்குள் ஒரு வெள்ளைப் பறவை காற்றின்றித் தவிக்க, வால்வின் மேல் கைவைத்திருக்கும் செய்முறையாளர் நம்மையே பார்க்கிறார். ஒரு சிறுமி கண்ணை மூடிக்கொள்கிறாள், ஒருவர் கடிகாரத்தில் நேரம் பார்க்கிறார், ஒரு காதல் இணை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறது. பறவைக்கு மீண்டும் காற்றை விடுவாரா மாட்டாரா என்பதை ஓவியர் சொல்லவில்லை. பகல் முழுவதும் கருவிகளோடு இருந்துவிட்டு வருகிற உங்களுக்கு, அறிவைத் தேடும்போது மனித முகங்களில் என்னென்ன நிகழ்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஓவியத்தை நான் அறியேன்.

விக்டோரியா ஆல்பர்ட் அருகிலேயே இருப்பதால் மதிய இடைவேளையில்கூட அங்கே போய்வரலாம். வெள்ளி இரவில் சில கூடங்கள் முன்னதாகவே மூடப்படலாம் என்பதால் ஆங்கில இயற்கைக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் சிறிய எண்ணெய்வண்ண ஓவியங்களைப் பகலிலேயே பார்ப்பது நல்லது. அவற்றில் பலவற்றை அவருடைய மகள் இசபெல் 1888-இல் கொடையாக அளித்தார். 1821, 1822 ஆண்டுகளில் லண்டனின் ஹாம்ஸ்டெட் குன்றில் நின்று மேகங்களை வரைந்த கான்ஸ்டபிள், பல தாள்களின் பின்புறம் தேதி, நேரம், காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்துவைத்தார். உங்கள் ஆய்வகக் குறிப்பேட்டிலும் நீங்கள் அதைத்தானே செய்கிறீர்கள்?

முதல் வெள்ளிக்கு ரைட்டின் ஓவியத்தையே பரிந்துரைக்கிறேன். உங்கள் கல்லூரிக்கு அருகிலுள்ள தெற்கு கென்சிங்டன் நிலையத்தில் பிக்காடில்லி தடத்துச் சுரங்க ரயிலேறி லெஸ்டர் சதுக்கத்தில் இறங்கினால், அங்கிருந்து சிறிது தூரம்தான் நடக்க வேண்டும்.