650 மி.மீ. ஆழத்தில் இறங்கலாமா?

கேள்வி: டீசல் மஹிந்திரா தார் வண்டி வாங்கி ஓராண்டு ஆகிறது. வரும் ஜூலையில் நண்பர்களுடன் மணாலியிலிருந்து குன்ஸும் கணவாய் வழியாக இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குச் செல்லவிருக்கிறேன். 650 மி.மீ. ஆழத் தண்ணீரைக் கடக்கும் என்று நிறுவனமே சொல்கிறது. “அதற்காகத்தானே வாங்கினாய், தயங்காமல் இறக்கு” என்கிறார்கள் நண்பர்கள். வண்டியை எந்த அளவுக்கு வருத்தலாம்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நிறுவனம் சொல்லும் அளவு பொய்யன்று. ஆனால் அது தண்ணீரின் ஆழத்தை மட்டுமே சொல்கிறது. இழுப்பைப் பற்றியோ, அடியில் உருளும் கற்களைப் பற்றியோ எதுவும் சொல்வதில்லை. கணவாய்க்கு முன்னுள்ள பாத்தல் பகுதியில் பாதையை அறுத்துக்கொண்டு ஓடுபவை பனி உருகி வரும் ஓடைகள். காலையில் கணுக்கால் நனையும் அளவே இருந்த ஓடை, வெயில் ஏறிய பின் பிற்பகலில் முழங்காலுக்கு மேல் பாய்வது அங்கே வழக்கம். ஆகவே மணாலியை விட்டு விடியுமுன் புறப்படுங்கள். ஓடும் நீரில் 650 என்பதைப் பாதியாகக் கருதி, அதற்கு மேல் இருந்தால் மறுநாள் காலை வரை காத்திருங்கள்.

இறங்கினால் ஃபோர் லோவில் (நான்கு சக்கரங்களும் குறைந்த வேகத்தில், கூடுதல் விசையுடன் சுழலும் நிலை), முதல் கியரில், நடுவே கிளட்சை மிதிக்காமல் ஒரே சீராகச் செல்ல வேண்டும். தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் சாவியைத் திருப்பவே கூடாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எஞ்சினுக்கெனத் தனிப் பாதுகாப்பு சேர்க்காத காப்பீட்டில் இந்தச் செலவு பெரும்பாலும் கிடைக்காது. உடனே கண்ணுக்குத் தெரியாத சேதமும் உண்டு. கல்பாதையில் ஏறி வந்து சூடேறிய டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவே சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) பனிநீரில் திடீரென அமிழும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்குவதால், தேய்ந்த ஆயில் சீல் வழியாக நீர் உள்ளே இழுக்கப்படும். ஊர் திரும்பியதும் அந்த எண்ணெயை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பால் விட்ட காபியின் நிறத்தில் இருந்தால் நீர் கலந்திருக்கிறது என்று பொருள்.

குன்ஸும் கணவாயின் உயரம் 4,551 மீட்டர். காற்றின் அடர்த்தி அங்கே கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். டர்போ ஓரளவு ஈடுசெய்தாலும், குறைந்த சுழற்சியில் எஞ்சின் திணறும். அப்போது பலரும் ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டு கிளட்சைப் பாதியில் பிடித்து ஏற்றப் பார்க்கிறார்கள். கருகிய வாடை வருவது அங்கேதான். மேட்டின் அடிவாரத்திலேயே ஃபோர் லோவுக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. இறக்கத்திலும் ப்ரேக்கை நம்பாமல் அதே கியரில் விடுங்கள். காய்ந்த தார்ச்சாலை வந்ததும் மறக்காமல், இரு சக்கரங்கள் மட்டும் இயங்கும் வழக்கமான நிலையான டூ ஹைக்குத் திரும்பிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே உள்ள மேட்டில் ஏற்றி விளையாடுகிறவருக்கு வண்டி சிக்கினால் இழுக்க டிராக்டர் வரும். கணவாய்க்கு இப்புறமுள்ள கிராம்பூவுக்கும் அப்புறமுள்ள லோசருக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 80 கி.மீ. பாதையில் அது நடக்காது. அதனால்தான் நெடுந்தூரம் போய்ப் பழகியவர்கள், உடன் வருபவர்களுக்குச் சலிப்பு தட்டும் அளவுக்கு நிதானமாக ஓட்டுகிறார்கள். 2023 டிசம்பரில் ஸ்பிட்டியை ஒட்டிய லாகூல் பகுதியில் போக்குவரத்து நெரிசலைத் தவிர்க்க ஒருவர் தம் தாரைச் சந்திரா ஆற்றுக்குள்ளேயே ஓட்டிச் சென்றார். காவல்துறை மோட்டார் வாகனச் சட்டப்படி 3,500 ரூபாய் அபராதம் விதித்தது. என்னைக் கேட்டால் அது மிகக் குறைவான தொகை. உங்கள் நண்பர்களிடம் இதையும் சொல்லி வையுங்கள்.

கேள்வி: அதே பாதையில் மாருதி ஜிம்னியில் செல்ல, கூரைமேல் இரண்டு பெட்ரோல் கேன்கள் கட்டலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: வேண்டாம். மணாலியிலிருந்து ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காஸா ஏறத்தாழ 200 கி.மீ.; காஸாவிலேயே இந்தியன் ஆயில் பங்க் இருக்கிறது. உங்கள் வண்டியின் டேங்க் 40 லிட்டர் கொள்ளும். மலையில் லிட்டருக்கு 8 கி.மீ. கிடைத்தால்கூட மணாலியில் நிரப்பியது மிச்சமாகும். கூரைமேல் ஏற்றும் பாரம் சாய்ந்த பாதையில் வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும். கேனுக்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டாவது ஸ்டெப்னி வாங்கி, அதை உள்ளே தாழ வைத்துக் கட்டுங்கள். அங்குள்ள கூரிய கற்கள் டயரின் பக்கவாட்டைத்தான் முதலில் கிழிக்கும், அந்தக் கிழிசலுக்குப் பஞ்சர் ஒட்ட முடியாது.