ரிப்போர்ட்டில் அந்த மூன்று வரி

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப் பக்கங்களிலிருந்து மார்பகப் புற்றுநோய் பற்றி வந்த கேள்விகளில் சில. பெயர்களை விட்டுவிட்டேன்.

கேள்வி: டாக்டரம்மா, எனக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒரே நோய், ஒரே ஸ்டேஜ். அவருக்கு ஒரு வருஷம் ஊசி, எனக்கு வெறும் மாத்திரை. என்னைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்களா?

பதில்: இல்லை அம்மா. பெயர்தான் ஒன்று, நோய் வேறு. பயாப்சி (கட்டியிலிருந்து எடுத்த துண்டின் சோதனை) ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று மூன்று வரி இருக்கும். முதல் இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள், அதாவது ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள். அவை இருந்தால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கட்டியை வளர்க்கும். அதை மறிக்கத்தான் தமொக்சிபென் மாத்திரை. ஹெர்-2 செல்லின் மேற்பரப்பில் உள்ள புரதம். அது மிதமிஞ்சிப் போனவர்களுக்கு டிராஸ்டுசுமாப் ஊசி. உங்கள் கட்டியில் அது இல்லையென்றால் அந்த ஊசியைப் போட்டும் பயனில்லை. அக்காவின் ரிப்போர்ட்டை வைத்து உங்கள் மருந்தை எடை போடாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு நோய் எலும்புக்கும் ஈரலுக்கும் பரவிவிட்டது. ஹார்மோன் மாத்திரை, கீமோ எல்லாம் பார்த்தாயிற்று. பழைய ரிப்போர்ட்டில் 'ஹெர்-2: 1+, நெகட்டிவ்' என்று இருக்கிறது. இனி வழியே இல்லையா?

பதில்: தங்கச்சி, அந்த 1+ இன்று மிக முக்கியம். கட்டியிலிருந்து எடுத்துச் சாயம் ஏற்றிய துண்டை நுண்ணோக்கியில் பார்க்கும்போது ஹெர்-2 நிறைந்த செல்லைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் தடித்த வளையம் தெரியும்; அது 3+. வளையம் மங்கலாக இருந்தால் 2+; மரபணுவை எண்ணும் இன்னொரு சோதனை செய்வோம். அங்கங்கே அறுந்து, தெரிந்தும் தெரியாமலும் இருந்தால் 1+. நெடுங்காலம் அதை நெகட்டிவ் கணக்கில்தான் தள்ளினோம்.

2022-இல் வெளியான டெஸ்டினி-பிரெஸ்ட்04 ஆய்வு அதை மாற்றியது. டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகான் என்ற மருந்தில் கீமோவைச் சுமந்து செல்லும் எதிர்ப்புரதம் இருக்கிறது. ஹெர்-2 கொஞ்சம் இருந்தாலும் பிடித்துக்கொண்டு உள்ளே போகும். அங்கே அவிழும் கீமோ பக்கத்துச் செல்களுக்கும் கசியும். பரவிய நோயுள்ளவர்களில், வழக்கமான கீமோவில் பாதிப் பேருக்கு நோய் முற்றாமல் இருந்த காலம் குறைந்தது 5.1 மாதம், இதில் 9.9 மாதம். இது நோயை முற்றாக ஒழிக்கும் மருந்தல்ல. விலையும் கடுமை. நுரையீரல் அழற்சி வரலாம். வறட்டு இருமல், மூச்சு வாங்கல் தொடங்கினால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆனாலும் அந்த ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோய், "அம்மாவுக்கு 1+, இந்த மருந்து பொருந்துமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: டுரியான் பெலண்டா (முள்ளுச் சீத்தா) இலைக் கஷாயம் கீமோவைவிட நல்லது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

பதில்: ஆய்வுக்கூடத் தட்டில் அதன் சாறு புற்றுச் செல்களைக் கொல்வது உண்மை. துணி வெளுக்கும் பிளீச்சும் தட்டில் கொல்லும். மனித உடலில் இந்த இலை மார்பகப் புற்றைக் குணமாக்கியதாக நிரூபணம் இல்லை. அதிலுள்ள அனோனசின் என்ற நச்சு நரம்பைத் தாக்கும். கரீபியன் கடலிலுள்ள குவாடலூப் தீவில் நடுக்குவாதம் போன்ற நோயோடு அதைத் தொடர்புபடுத்தியிருக்கிறார்கள். இன்னொன்றும் சொல்கிறேன். தமொக்சிபென் சாப்பிடுகிறவர்கள் மஞ்சள் சத்து அடைத்த கேப்சூல் வாங்க வேண்டாம். மஞ்சளிலுள்ள குர்குமின், அதிலும் மிளகுச் சத்து சேர்ந்தது, ரத்தத்தில் மருந்தின் அளவைக் குறைத்ததை 2019-இல் நெதர்லாந்தில் ஒரு சிறிய ஆய்வு காட்டியது. குழம்பில் போடும் மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம்.

கேள்வி: சளிக்காய்ச்சல் வந்தால் புற்று திரும்பிவிடும் என்கிறார்கள். எனக்கு ஐந்து வருஷம் முடிந்துவிட்டது.

பதில்: 2025-இல் வந்த ஆய்வைப் பற்றிய பேச்சு அது. எலிகளின் நுரையீரலில் உறங்கிக்கிடந்த மார்பகப் புற்றுச் செல்களை இன்ஃபுளுவென்சா, கொரோனா கிருமிகள் எழுப்பிவிட்டன, ஐ.எல்-6 என்ற அழற்சிப் புரதம் அதற்குத் துணைபோனது. மனிதர்களின் மருத்துவப் பதிவுகளிலும் கொரோனாவோடு ஒரு தொடர்பு தெரிந்தது. அதற்காக ஒவ்வொரு தும்மலுக்கும் நடுங்காதீர்கள். காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். ஈ.ஆர். பாசிட்டிவ் என்றால் ஐந்து வருஷத்துக்குப் பிறகும், இருபது வருஷம் வரைகூட, நோய் திரும்பலாம். சிலருக்கு மாத்திரையைப் பத்து வருஷம் நீட்டுவது அதனால்தான். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: எல்லா ஆராய்ச்சியும் வெள்ளைக்காரர்களை வைத்துத்தானே?

பதில்: பெரும்பாலும் அப்படித்தான், அது குறைதான். ஆனால் 2020-இல் மலேசியப் பெண்கள் 560 பேரின் கட்டிகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களைவிட இங்கே ஹெர்-2 வகை அதிகம் என்று தெரிந்தது. ஆராய்ச்சிக்கு ஆள் கேட்டால் நம் பெண்கள் விசாரித்துப் பார்த்துச் சேர வேண்டும்.

கேள்வி: மார்பில் கட்டி தட்டுப்படுகிறது. வலி இல்லை. தீபாவளி முடிந்து போகலாமா?

பதில்: வேண்டாம். வலி இல்லாததை நம்பாதீர்கள். நாளைக் காலையில் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார கிளினிக்குக்கு) போய், ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.