பிரம்பும் பிளேன்ரீயும்: வாசகர் கேள்விகளுக்குத் திருகோணமலை அக்காவின் பதில்கள்

போன இதழில் என்னைப் பற்றி நாலு வரி வந்தாலும் வந்தது, கடிதங்கள் குவிந்துவிட்டன. அந்த நாலு வரியைப் பார்க்காதவர்களுக்காக: எனக்கு வயது 57. 31ஆவது வயதில் குளுக்கோமா என்னும் கண்ணழுத்த நோயால் இரண்டு கண்களின் பார்வையும் போய்விட்டது. அம்மா காலமானபின் ஒன்பது வருடங்களாக உவர்மலையில் தனியாக இருக்கிறேன். விடியற்காலையில் இடியப்பம் அவித்து இரண்டு கடைகளுக்குக் கொடுக்கிறேன். மின்னஞ்சல்களைக் கைபேசி வாசித்துவிடும். கையெழுத்துக் கடிதங்களைப் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற டீச்சர் வாசித்தார். நடுநடுவே உங்கள் எழுத்துப் பிழைகளையும் சொல்லிக்கொண்டே போனார். அதை நான் கேட்கவில்லை.

அக்கா, என் அண்ணாவுக்கு 38 வயது. எட்டு மாதங்களுக்கு முன் பார்வை முற்றாகப் போய்விட்டது. கட்டிலை விட்டு எழும்புவதே இல்லை. சாப்பாட்டைக்கூட அண்ணிதான் ஊட்டிவிடுகிறார். உங்களைப்போல் மனவுறுதி வர அவருக்கு நாங்கள் என்ன சொல்ல வேண்டும்?
வாசகி, மூதூர்

ஒன்றும் சொல்ல வேண்டாம், தங்கச்சி. சொல்லக் கேட்டுக் கேட்டுத்தான் மனிதர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். எனக்கும் சொன்னார்கள். "தைரியமாக இரு" என்று சொல்லாத ஆளில்லை. சொல்லிவிட்டு எல்லாரும் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள்; நான் கட்டிலில் இருந்தேன். அம்மா ஊட்டினார், தலை வாரிவிட்டார். பதினொரு மாதம் அப்படியே போயிற்று.

பிறகு அம்மாவுக்குக் கடும் காய்ச்சல் வந்து மூன்று நாட்கள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வீட்டில் நானும் அம்மம்மாவும் மட்டும். அவருக்குக் காது கேட்காது, எனக்குக் கண் தெரியாது. வீடு நன்றாகத்தான் இருந்தது! சாயங்காலம் நாலு மணிக்கு அம்மம்மா, "பிள்ளை, ஒரு வாய் பிளேன்ரீ கிடைக்குமா?" என்றார். மூட்டுவலிக்காரி, குசினி வரை நடக்க மாட்டார். முடியாது என்று நான் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. திரும்பவும் கேட்டார்.

சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். கேத்தல் கிடைத்தது, தண்ணீர் கொதித்தது. ஊற்றுவதுதான் பயம். கோப்பை நிறைந்ததை எப்படி அறிவது? முதல் கோப்பை நிரம்பி வழிந்து இரண்டு விரல் வெந்துபோனது. இரண்டாவது கோப்பையில்தான் காதில் பட்டது. தண்ணீர் விழத் தொடங்கும்போது ஓசை கனத்துக் கிடக்கிறது. நிறைய நிறைய அது மெலிந்து மேலே ஏறுகிறது. ஏறி ஒரு கட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். விளிம்புக்கு ஒரு விரல் குறைவாக நின்றது. எத்தனையோ வருடமாகத் தேநீர் ஊற்றியவள், அந்த ஓசையை ஒரு நாளும் கேட்டிருக்கவில்லை.

அம்மம்மா குடித்துவிட்டு, "சாயம் காணாது" என்றார்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பதினொரு மாதமாக என்னிடம் ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை. நொந்தவளிடம் யார் குறை சொல்வார்கள்? மறுநாள் சாயம் கூட்டிப் போட்டேன். மனவுறுதி என்கிறீர்களே, அது அன்றைக்கு என்னிடம் துளிகூட இருக்கவில்லை. பிளேன்ரீதான் முதலில் வந்தது.

ஆகவே அண்ணியிடம் சொல்லுங்கள்: தட்டைக் கையில் கொடுத்து, மணிக்கூட்டு முகம்போல் இடம் சொல்லட்டும். ஆறு மணியில் சோறு, பன்னிரண்டில் மீன், மூன்றில் பருப்பு. சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். நின்று பார்க்கக் கூடாது. சாரத்தில் கொட்டும், கொட்டட்டும். பிறகு வீட்டுக்கு உண்மையிலேயே தேவையான ஒரு வேலையை அவரிடம் விடுங்கள். தேங்காய் திருவக் கண் வேண்டியதில்லை. திருவலையின் பல் எங்கே இருக்கிறது என்பதைக் கை அறியும். கறுப்புத் தோல் வரை திருவிவிட்டால், "சம்பல் கறுத்துப்போயிற்று" என்று சத்தமாகக் குறை சொல்லுங்கள்.

அண்ணாவுக்கு என்ன நோய் என்று நீங்கள் எழுதவில்லை. குளுக்கோமா என்றால், கூடப்பிறந்த நீங்கள் எல்லாரும் இந்த மாதமே கண்ணழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கு வரும் வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் வலிக்காது, பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும். போன பார்வை திரும்பாது, ஆனால் முதலிலேயே பிடித்துவிட்டால் மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். நான் கதவு நிலையில் அடிக்கடி தோள் முட்டிக்கொண்டபோது, "உனக்குக் கவனமில்லை" என்று எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பார்வையற்றவர்கள் பஸ் நிலையத்தில் நிற்கும்போது எப்படி உதவுவது? சிலர் கோபப்படுகிறார்கள்.
வாசகர், கிண்ணியா

கோபப்படுகிறவர்களில் நானும் ஒருத்தி, தம்பி. முதலில் கேளுங்கள். பிடித்துத் தள்ள வேண்டாம், தூக்க வேண்டாம், பிரம்பைப் பற்றி இழுக்கவே வேண்டாம். உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே நாங்கள் பிடித்துக்கொள்வோம். நீங்கள் அரையடி முன்னால் நடந்தால் போதும். படி வந்தால் உங்கள் கை உயர்வதிலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் ஊர் என்பதால் ஒரு கதை. நிலாவெளிக்குப் போக நின்ற என்னை ஒரு நல்ல மனிதர், வாயைத் திறக்கவிடாமல், கையைப் பிடித்து ஒரு பஸ்ஸில் ஏற்றி இருத்திவிட்டார். பக்கத்து ஆசனத்துப் பெண்ணோடு மீன் விலை பேசத் தொடங்கினேன், பேச்சு நீண்டுவிட்டது. திடீரென்று இரண்டு பக்க யன்னல்களிலும் ஒரே நேரத்தில் காற்று அடித்தது. வீதியின் இரைச்சல் கீழே போய்விட்டது. நிலாவெளி வீதியில் அப்படி ஓரிடமும் இல்லை. "ராத்தா, கிண்ணியாப் பாலம் அல்லவா இது" என்றார் அந்தப் பெண். 2009இல் அந்தப் பாலம் திறக்கப்படும் முன்பு என்றால், படகுப் பாதையில் இறங்கி ஏறும்போதே எனக்கு விளங்கியிருக்கும். அவர்கள் வீட்டில் தேநீர் தந்து, மகனின் மோட்டார் சைக்கிளில் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பிள்ளை ஏறுமுன், "கையை என் தோளில் வைக்கிறீர்களா?" என்று கேட்டான். அப்படிக் கேளுங்கள்.

நோட்டுகளை எப்படி அடையாளம் காண்கிறீர்கள்? யாரும் ஏமாற்றுவதில்லையா?
வாசகி, தம்பலகாமம்

ஏமாற்றியிருக்கிறார்கள், முன்பு. 2011இல் புழக்கத்துக்கு வந்த நோட்டுகளில் உயரம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். நீளம் மாத்திரம் மாறும். 20 ரூபா 128 மில்லிமீற்றர், அங்கிருந்து ஒவ்வொரு படிக்கும் 5 மில்லிமீற்றர் கூடிக்கொண்டே போய், 5000 ரூபா 153. ஐந்து மில்லிமீற்றர் என்பது ஓர் அரிசிமணியின் நீளம். மட்டையில் ஓர் அளவு வெட்டி லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். ஓரத்தில் தடவிப் பார்க்கப் புள்ளிகளும் உண்டு. ஆனால் மீன் சந்தையைச் சுற்றிவந்த நோட்டில் அது தேய்ந்துபோயிருக்கும். அளந்ததும் மடித்துவிடுவேன்: நூறு மடிப்பில்லை, ஐந்நூறு ஒரு மடிப்பு, ஆயிரம் இரண்டு. ஐயாயிரத்தை யாராவது இடியப்பத்துக்கு நீட்டினால், சில்லறை இல்லை என்று சொல்லிவிடுவேன். அது உண்மையும்கூட.

நான் உயர்தர மாணவி. பார்வை குறைந்துகொண்டு வருகிறது. வெள்ளைப் பிரம்பு பிடிக்கச் சொல்கிறார்கள். ஊர் முழுக்கப் பார்க்குமே என்று வெட்கமாக இருக்கிறது.
வாசகி, திருகோணமலை

எனக்கும் வெட்கம்தான், மகள். இரண்டு வருடம் அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு மதிலைத் தடவித் தடவி நடந்தேன். "தெரிந்தவர்களைக் கண்டும் காணாமல் போகிறாள்" என்று பெயர் வந்தது. கண்டால்தானே காணாமல் போவதற்கு! கடைசியில், மூடி எடுத்த வடிகான் ஒன்றுக்குள் இடுப்பளவு இறங்கிய அன்று பிரம்பு பையை விட்டு வெளியே வந்தது.

பழகுவது கடினமில்லை. நிறுத்திப் பார்த்தால் பிரம்பு நெஞ்செலும்பு வரை வர வேண்டும். வலக்கால் முன்னே போகும்போது நுனி இடப்பக்கம் தட்ட வேண்டும், இடக்காலுக்கு வலப்பக்கம். அடுத்த கால் விழப்போகும் இடத்தைப் பிரம்பு முன்கூட்டியே பார்த்துவிடும். முதல் வாரம் காலும் கையும் சண்டை பிடிக்கும். நமது ஊரில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் தட்டும் ஓசை காதுக்கு எட்டாது. அப்போது கைக்கு வரும் அதிர்வை நம்பு.

ஒரு வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், கோட்டை வாசலைத் தாண்டியதும் பிரம்பு மெத்தென்று எதிலோ பட்டது. வீதியோரம் யாரோ இருக்கிறார் என்று நினைத்து, "மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா, பார்க்கவில்லை" என்றேன். ஐயா எழுந்து நாலு குளம்பால் தார் வீதியில் டக்டக்கென்று நடந்து போனார். கோட்டை மான்! பின்னால் வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஊர் பார்க்குமே என்கிறாய். பார்க்கும்தான். ஒரு மாதத்தில் அலுத்துவிடும்.

என் மகன் விபத்தில் ஒரு காலை இழந்தவன். உயர்தரம் சித்தியடைந்திருக்கிறான். அரச வேலைக்கு வழி உண்டா? நான் இருக்கும்வரை பார்த்துக்கொள்வேன், அதற்குப் பிறகு?
வாசகர், நிலாவெளி

அரச சேவை வெற்றிடங்களில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று 1988லேயே சுற்றறிக்கை இருக்கிறது, அண்ணா. எங்கள் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இன் 28ஆம் இலக்கம். பொதுக் கட்டடங்களுக்குள் நாங்கள் போய்வர வழி செய்ய வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. காகிதத்தில் குறைவில்லை.

ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். சாய்தளம் கட்டியிருப்பதாகப் பெருமையாகச் சொன்னார்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் இருந்தால்தான் சக்கர நாற்காலிக்காரர் தானாக ஏறலாம். அவர்கள் கட்டியது பிள்ளைகளின் சறுக்குமரம். அதன் அடியிலும் மூன்று மோட்டார் சைக்கிள்கள். பிரம்பால் ஒவ்வொன்றாகத் தட்டி, "இது யாருடையது?" என்று கேட்டுக்கொண்டே போனேன். மூன்றாவது சைக்கிளின் சொந்தக்காரர்தான் நான் பார்க்க வேண்டிய உத்தியோகத்தர்.

மகன் முதலில் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் போய்ப் பதிந்துகொள்ளட்டும். நீங்கள் கூடப் போக வேண்டாம். இன்னொன்று, கோபிக்காதீர்கள்: சித்தியடைந்தவர் அவர், எழுதியிருப்பவர் நீங்கள். அடுத்த கடிதத்தை அவர் எழுதட்டும்.

இது முற்பிறவிப் பாவம் என்று மாமியார் சொல்கிறார். நீங்கள் நம்புகிறீர்களா?
பெயர் வேண்டாம், கந்தளாய்

அந்தப் பிறவியில் மாமியார் கூட இருந்து பார்த்தாரா என்று கேளுங்கள்.

தனியாக இருக்கப் பயமில்லையா?
பலர்

பயம் உண்டு. நெருப்புக்கு அல்ல, நீராவிக்கு. இடியப்பச் சட்டியின் மூடியை என் பக்கமாகத் திறந்து மணிக்கட்டு இரண்டு தரம் வெந்திருக்கிறது. இப்போது மறுபக்கமாகச் சரித்துத் திறக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் பயப்படுவேன், ஏனென்றால் உதவி செய்கிறேன் என்று உப்புப் பேணியை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போவார்கள். பிறகு நான் அரைநாள் தேட வேண்டும். ஒரு மைத்துனியை இதற்காகவே குசினிக்குள் விடுவதில்லை.

இருட்டு எனக்கு ஒரு பொருட்டில்லை. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றதே, அப்போது எங்கள் ஒழுங்கையில் முதல் நாள்போலவே வேலை செய்தவள் நான் ஒருத்திதான். மூன்று வீட்டுக்காரர்கள் என் குசினிக்கு வந்து, "அக்கா, மெழுகுதிரி எங்கே?" என்றார்கள். என்னிடம் எதற்கு மெழுகுதிரி? காஸ் தட்டுப்பாடு மட்டும் என்னையும் விடவில்லை. விறகுக்குப் போனேன். விறகடுப்பில் அவித்தது நல்ல வாசம் என்று கடைக்காரர் இன்றைக்கும் சொல்வார்.

ஆன்ரி, உங்களுக்குக் கனவில் கண் தெரியுமா?
வாசகி, தரம் 5, உப்புவெளி

இந்த முறை வந்ததில் இதுதான் நல்ல கேள்வி. தெரியும், மகள். 31 வயது வரை பார்த்த கண் அல்லவா? அம்மாவின் பச்சைக் கரைச் சேலை வரும். மாரி காலத்தில் மண்ணிறமாகும் கடல் வரும். பார்வை போன பிறகு பழகியவர்கள் வந்தால்தான் சிக்கல். பக்கத்து வீட்டு டீச்சருக்குக் கனவில் முகம் கிடையாது; குரலும் பவுடர் வாசமும் மட்டும் கதிரையில் இருக்கும்.

அவருடைய பேத்திக்கு உன் வயது. போன மாதம் ஒரு நாள் என் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்து, "பாருங்கள், என் மூக்கு சின்னது" என்றாள். அன்றிரவு கனவில் அவளுக்கு மூக்கு வந்துவிட்டது. மீதி இன்னும் வரவில்லை.