தம்பிக்கு டெர்மினல் வேண்டாம்

கேள்வி: சின்னதாக போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறேன். கம்ப்யூட்டரில் இருப்பது சுபுன்டு என்ற லினக்ஸ். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்களை இமேஜ்மேஜிக் என்ற பட மென்பொருளின் 'மோக்ரிஃபை' (mogrify) கட்டளையை டெர்மினலில் அடித்துச் சிறிதாக்குகிறேன். நான் இல்லாதபோது கடையைப் பார்க்கும் தம்பிக்கு டெர்மினல் என்றாலே அலர்ஜி. ரைட் கிளிக் மெனுவிலேயே இதைக் கொண்டுவர முடியுமா?
– ஸ்டூடியோக்காரர், தேனி

பதில்: தாராளமாக. சுபுன்டுவின் ஃபைல் மேனேஜரான துனாரில் 'எடிட்' மெனுவைத் திறந்தால் 'கன்ஃபிகர் கஸ்டம் ஆக்‌ஷன்ஸ்' இருக்கும். அங்கே கூட்டல் குறியைத் தட்டினால் பெயரும் கட்டளையும் கேட்கும். தம்பிக்குப் புரிகிற மாதிரி 'வாட்ஸ்அப் சைஸ்' என்றே பெயர் வையுங்கள். கட்டளை நீங்கள் டெர்மினலில் அடிப்பதேதான். படத்தின் பெயர் வரும் இடத்தில் மட்டும் சதவீதக் குறியும் பெரிய 'எஃப்' எழுத்தும் (%F). சின்ன 'எஃப்' போட்டால் அது ஒரு படத்துக்குத்தான்; பத்துப் படங்களைத் தேர்ந்தெடுத்தால் அந்த வரி மெனுவில் தலைகாட்டவே காட்டாது. பெயரில் இடைவெளி இருந்தாலும் கவலை இல்லை, மேற்கோள் குறியைத் துனாரே போட்டுக்கொள்ளும். அடுத்த டேபில் 'இமேஜ் ஃபைல்ஸ்' கட்டத்தில் டிக் செய்ய மறக்காதீர்கள்.

சரி, இனிதான் விஷயம். மோக்ரிஃபை அசல் படத்தின் மேலேயே எழுதிவிடும். டெர்மினலில் அடிக்கும்போது ஒரு நொடியாவது யோசிப்போம். மெனுவில் கை தானாகப் போய்விடும். அக்கா மகளின் காதுகுத்துப் படங்களில் முந்நூறை அப்படித்தான் நான் ஒரே கிளிக்கில் தபால்தலை ஆக்கினேன். அக்கா இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறாள்.

அதனால் கட்டளையில் 'பாத்' (-path) என்ற ஆப்ஷனைச் சேர்த்து, சிறிய படங்களை வேறு ஃபோல்டருக்கு அனுப்புங்கள். சதவீதக் குறியும் சின்ன 'டி'யும் (%d) போட்டால் படங்கள் இருக்கும் ஃபோல்டரைக் குறிக்கும். அதற்குள் 'சிறிது' என்று ஒன்று போதும். அந்த ஃபோல்டரை மோக்ரிஃபை தானாக உண்டாக்காது. அதற்கு முன்னால் ஃபோல்டரை உண்டாக்கும் 'எம்கேடிர்' கட்டளையை '-p' சேர்த்து (mkdir -p) போட்டு, நடுவில் இரண்டு '&' வையுங்கள்.

இன்னொரு பொறி: 1200 பிக்சலைத் தாண்டிய படத்தை மட்டும் சுருக்க அளவுக்குப் பின்னால் '>' போடுவீர்கள் அல்லவா? அந்த அளவை மேற்கோளுக்குள் வைக்காவிட்டால் கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல் அதை வேறு மாதிரி புரிந்துகொள்ளும். அடுத்து வரும் முதல் படத்தைத் துடைத்துக் காலி ஃபைலாக்கிவிடும்.

வேண்டாத இரண்டு படங்களில் முதலில் தட்டிப் பாருங்கள். அப்புறம் தம்பியைக் கூப்பிடுங்கள்.