தினமும் ஓட்ட ஸ்போர்ட்ஸ் கார்

கேள்வி: பழைய போர்ஷே 718 கேமன் வாங்கினேன், 20 இஞ்ச் சக்கரம். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் போய்வருவதற்குள் இடுப்பு கழன்றுவிடுகிறது. ஸ்பிரிங்கை மாற்றவா?

பதில்: ஸ்பிரிங்கில் கை வைக்காதீர்கள், முதலில் டயரைப் பாருங்கள். உங்கள் முன்டயர் 235/35 (235 மில்லிமீட்டர் அகலம், அதில் 35 சதவீதம் உயரம்) என்றால் ரிம்முக்குக் கீழே 82 மில்லிமீட்டர் உயரம்தான், தக்கலைப் பக்கம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் அடி நேராக முதுகுக்கு வந்துவிடும். இதே கார் 18 இஞ்ச் சக்கரத்தோடும் வந்தது, அதில் 235/45, கிட்டத்தட்ட 106 மில்லிமீட்டர். அந்த ஒன்றரை விரல் ரப்பர் செய்கிற வேலையை எந்த ஸ்பிரிங்கும் செய்யாது. நான்கு சக்கரங்களையும் டயரோடு சேர்த்து 18 இஞ்சுக்கு மாற்றுங்கள். அப்புறம், டயர் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் காற்றைச் சரிபாருங்கள். டேம்பரை (ஷாக் அப்சார்பரை) இறுக்கும் பட்டன் இருந்தால் ஊருக்குள் அதைத் தொடவே வேண்டாம்.