சாவி போட்டால் எரியணும், ஸ்டார்ட் ஆனால் அணையணும்

கன்னிப்பூ (முதல் போக நெல்) அறுவடை முடிந்து வயல்கள் கும்பப்பூவுக்கு (இரண்டாம் போகம்) திரும்பும் நேரம் இது. வந்திருக்கும் கேள்விகளில் பாதி டிராக்டரின் மீட்டர் போர்டு விளக்குகளைப் பற்றித்தான்.

அண்ணாச்சி, காலையில் ஸ்டார்ட் பண்ணினதும் ஆயில் லைட் அணைந்துவிடுகிறது. மத்தியானம் வரை தொளி (சேற்று உழவு) உழுதுவிட்டு வரப்போரம் ஸ்லோவில் நிறுத்தினால் மினுக்குகிறது. ரேஸ் கொடுத்தால் போய்விடும். ஓட்டலாமா? (பூதப்பாண்டி)

ஓட்டாதீர்கள். அணைத்துவிட்டு மேற்கொண்டு வாசியுங்கள்.

சூடேறினால் ஆயில் இளகும். ஸ்லோவில் ஆயில் பம்பும் மெதுவாகச் சுற்றும். பிரஷர் குறைகிறதா என்பது முதலில் தெரியவரும் இடமே அதுதான். வண்டியைச் சமதரையில் விட்டு, பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு, எங்கே ஒழுகுகிறது என்று தேடுங்கள். அளவு கூடியிருந்தால் பலர் சந்தோஷப்படுகிறார்கள்; அதுதான் மோசம். குச்சியை மோந்து பாருங்கள். டீசல் வாசம் அடித்தால், டீசல் பம்ப் சீல் வழியாகவோ இன்ஜெக்டர் (எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் மூக்கு) ஒழுகியோ டீசல் சம்புக்குள் (எஞ்சின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) இறங்கியிருக்கிறது. ஆயிலை மாற்றினால் மட்டும் போதாது, அந்த ஓட்டையையும் அடைக்க வேண்டும்.

அளவு சரி, வாசமும் இல்லையா? சாவியை ஆன் பண்ணி, ஆயில் சுவிட்சில் (பிரஷர் குறைந்தால் விளக்கை எரியவைப்பது) இருக்கும் ஒயரைக் கழற்றுங்கள். அப்போதும் விளக்கு எரிந்தால் ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது. பெரும்பாலும் எலி கடித்ததாக இருக்கும். அணைந்தால் ஒயர் நல்லது என்று மட்டும்தான் அர்த்தம். சுவிட்ச் கெட்டிருக்கலாம், பிரஷரே குறைந்திருக்கலாம். சுவிட்சைக் கழற்றி அந்தத் துளையில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். மெக்கானிக் இதைச் செய்யாமல் நேரே "சுவிட்ச் மாத்திடலாம்" என்றால், கேஜ் போடச் சொல்லிக் கேளுங்கள்.

ஒயரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு வயல்வெளி முழுவதும் உழுத வண்டி ஒன்று என் பட்டறைக்கு வந்தது. சம்பைக் கழற்றினால், அடியில் பேரிங் செதில்கள் மீன் செதில் மாதிரி மின்னின.

பேட்டரி புதுசு. ஆனாலும் சார்ஜ் லைட் மங்கலாக எரிந்துகொண்டே இருக்கிறது. வீடு கடற்கரைப் பக்கம். (ராஜாக்கமங்கலம்)

பேட்டரி மேல் பழி போடும் முன், ஆல்டர்னேட்டரைச் (பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி) சுற்றும் பெல்ட்டைப் பாருங்கள். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை அமுங்கலாம். அதற்கு மேல் தொங்கினால் இறுக்குங்கள். அடுத்தது எர்த் ஒயர். உப்புக்காற்றில் அதன் முனை உள்ளுக்குள்ளேயே பூத்துப்போகும், வெளியே தெரியாது. கழற்றிச் சுரண்டி, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு மீட்டர் வைத்தால் பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். இல்லையென்றால் ஆல்டர்னேட்டரைக் கழற்ற வேண்டியதுதான்.

ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிச் 'சோதிக்கும்' பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அதில் நல்ல ஆல்டர்னேட்டரும் போய்விடும்.

இன்னொன்று. பல டிராக்டர்களில் வாட்டர் பம்பையும் ஃபேனையும் சுற்றுவது இதே பெல்ட்தான். உழும்போது சார்ஜ் லைட் திடீரென்று பளிச்சென்று எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கலாம். ஹீட் முள் ஏறும்வரை காத்திருக்காமல் உடனே அணையுங்கள்.

சாவி போட்டால் சார்ஜ் லைட் எரிவதே இல்லை. நல்லதுதானே? (தக்கலை)

இல்லை. பல்பு போயிருக்கும். பல ஆல்டர்னேட்டர்களில் சார்ஜ் ஏறத் தொடங்குவதற்கான முதல் கரண்ட் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. முதலில் பல்பை மாற்றுங்கள்.

பொடி விதைப்புக்கு (காய்ந்த மண்ணில் விதைப்பது) ரோட்டவேட்டர் ஓட்டும்போது ஏர் ஃபில்டர் லைட் வருகிறது. தண்ணீரில் கழுவலாமா? (ஆரல்வாய்மொழி)

உங்கள் ஊர்க் காற்றுக்கு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். காகித ஃபில்டரைக் கழுவாதீர்கள், டயரில் தட்டவும் வேண்டாம். வெளி ஃபில்டரை மட்டும் எடுத்து, உள்ளிருந்து வெளியே, குறைந்த காற்றில் ஊதுங்கள். பஞ்சர் கடைக் காற்றை முழு வேகத்தில் வைத்தால் காகிதம் கிழியும். உள்ளே இருக்கும் சின்ன ஃபில்டரை ஊதவே கூடாது, மாற்ற மட்டும்தான். ஃபில்டர் டப்பாவின் அடியில் தொங்கும் ரப்பர் மூக்கைத் தினமும் பிதுக்கிவிட்டால் பாதித் தூசி அதிலேயே கொட்டிவிடும்.

புது வண்டி, 50 எச்பிக்கு மேல், காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து அதிக பிரஷரில் டீசல் போகும் முறை). மழைக்காலத்தில் ஃபில்டர் படமும் நீர்த்துளியும் போட்ட மஞ்சள் லைட் எரிகிறது. (குலசேகரம்)

டீசலில் தண்ணீர். ராத்திரி முழுவதும் அடியில் தங்கியிருக்கும் என்பதால், காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன் வாட்டர் செபரேட்டரின் (டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் கிண்ணம்) அடித்திருகைத் தளர்த்துங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தால் தண்ணீர் கீழேயும் டீசல் மேலேயும் பிரிந்து நிற்கும். டீசல் மட்டும் வரும்வரை விட்டு, இறுக்கி, ஹேண்ட் பிரைமரை (டீசல் ஏற்றும் கைப்பம்பு) அடியுங்கள்.

பழைய வண்டியில் ஏர் எடுக்க இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்துவோமே, அதை இதில் செய்யாதீர்கள். பிரஷர் ஆயிரம் பாருக்கும் மேல் போகும். பீறிட்டால் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும்.

தோட்டத்தில் டிரம்மில் டீசல் வைத்திருக்கிறீர்கள் என்றால் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. டிரம்மைக் கூரைக்கு அடியில் வையுங்கள். ஊற்றும்போது அடியில் நாலு விரல் டீசலை அப்படியே விட்டுவிடுங்கள்.