அப்பாவின் செவன்ட்டியை முழுசாகப் பிரிக்கலாமா?

கேள்வி: அண்ணே, அப்பா ஓட்டிய ஹோண்டா சி70 பல வருஷமாக வீட்டுக்குப் பின்னால் நிற்கிறது. கிக்கர் இறங்கவே மாட்டேன் என்கிறது. எஞ்சினை முழுசாகப் பிரித்து நானே புதுப்பிக்க ஆசை. எங்கே தொடங்குவது?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தாராளமாகச் செய்யுங்கள் தம்பி. ஆனால் முழுசாகப் பிரிக்க வேண்டாம். மேல் பாதியோடு (ஹெட், சிலிண்டர், பிஸ்டன்) வேலை முடியுமா என்று முதலில் பாருங்கள்.

கிக்கர் மேல் ஏறி மிதிக்காதீர்கள். நம் ஊர் ஈரத்துக்கு பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் துருப்பிடித்துச் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும், அநேகமாக அவ்வளவுதான். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் டீசலும் எஞ்சின் எண்ணெயும் கொஞ்சம் கலந்து ஊற்றி ஊறவிடுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து இடப்பக்க மூடியைத் திறந்து, மேக்னட் சக்கரத்தைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். மூடி ஸ்குரூக்கள் பிலிப்ஸ் மாதிரி தெரியும், ஆனால் ஜப்பான் அளவு, ஜேஐஎஸ். சாதாரண ஸ்குரூடிரைவர் வழுக்கித் தலையை மழித்துவிடும். சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் ஒன்று வாங்குங்கள்.

ஹெட்டை, அதாவது சிலிண்டரின் மேல்மூடியை, தூக்கும் முன் மேக்னட் சக்கரத்தில் உள்ள ‘டி’ குறியை எஞ்சின் கேஸில் உள்ள கோட்டுக்குக் கொண்டுவந்து, கேம் பல்சக்கரத்தின் வட்டக் குறி எங்கே நிற்கிறது என்று போனில் படம் எடுத்து வையுங்கள். ஹெட் நட்டுகளில் ஒன்றுக்குச் செம்பு வாஷர் இருக்கும். அதன் இடம் மாறினால் எண்ணெய் கசியும்.

சிலிண்டரை உருவியதும் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடுவது இயல்பு. மேலும் கீழும் ஆடக் கூடாது. ஆடவில்லையா? சரி, கீழ்ப் பாதியைத் தொடாதீர்கள். அந்தக் கிராங்க் அழுத்திப் பொருத்தியது, பிரஸ் இல்லாமல் வீட்டில் ஆகாது. எஞ்சின் கேஸை உடைத்துவிட்டு வேறு கேஸ் போட்டாலோ எஞ்சின் நம்பர் கிராண்டோடு (வண்டிப் பதிவுப் பத்திரம்) ஒத்துப்போகாது. அப்புறம் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அலைச்சல்.

அடுத்தது போரிங், அதாவது தேய்ந்த சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து சீராக்குவது. பலர் இங்கேதான் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் பிஸ்டனை வாங்குங்கள், பிறகு அதையும் சிலிண்டரையும் சேர்த்துப் பட்டறையில் கொடுங்கள். பிஸ்டனை அளந்துதான் அவர்கள் போர் பண்ண வேண்டும். ஒரிஜினல் போர் 47 மி.மீ. அதற்கு மேல் 0.25, 0.50 என்று படிப்படியாக ஓவர்சைஸ் கிடைக்கும். தேய்மானம் அனுமதிக்கும் மிகச் சிறியதை எடுங்கள், நாளைக்கும் சிலிண்டரில் சதை வேண்டாமா! புது ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் தள்ளி ஃபீலர் கேஜால் வாய் இடைவெளியைப் பாருங்கள், சுமார் 0.2 மி.மீ. இருந்தால் நல்லது. வால்வ் இடைவெளி 0.05 மி.மீ., எஞ்சின் ஆறியிருக்கும்போது.

1958-இல் லோ பூன் சியூ ஹோண்டாவை இங்கே கொண்டுவந்ததிலிருந்து கப்சாய் (செவன்ட்டி மாதிரிச் சின்ன மோட்டார் சைக்கிள்) ஓடாத தெரு பினாங்கில் கிடையாது, அதனால் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் விளக்கு, மூடி எல்லாம் பேரம் பேசி வாங்கலாம். பழைய பிஸ்டனும் ரிங்கும் மட்டும் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கேள்வி: காருக்கு வாங்கிய எஞ்சின் எண்ணெய் மிச்சமிருக்கிறது. கப்சாய்க்கு ஊற்றலாமா?
- வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: வேண்டாம்மா. கப்சாயில் கிளட்சும் அதே எண்ணெயில்தான் ஊறுகிறது. இப்போதைய கார் எண்ணெய் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருப்பதால் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ (எண்ணெயில் ஊறும் கிளட்சுக்கான ஜப்பான் தர அடையாளம்) என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.